வேகத்தின் சாட்சியம்

வானம் நமக்கு ஆழத்தைக் காட்டுவதில்லை. மேல் கீழ், இடம் வலம் என்ற இரண்டை மட்டுமே கண்ணும் தொலைநோக்கியும் தருகின்றன; முன் பின் என்ற மூன்றாவதை நாமேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும். யாழ் மண்டலத்தில் உள்ள வளைய நெபுலாவைப் படத்தில் பார்ப்பவர் அதை வளையம் என்றே நம்புகிறார். அது உண்மையில் தட்டையான வளையமா, உள்ளே வெற்றிடமான ஓடா, அல்லது பீப்பாய் ஒன்றை அதன் வாய்ப்பக்கமாகப் பார்க்கிறோமா? படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. இறக்கும் விண்மீன்கள் உதறிவிட்ட வாயுவால் ஆன இந்தக் கிரக நெபுலாக்களில், இழந்த மூன்றாவது பரிமாணத்தை மீட்க ஒரு வழி உண்டு. வாயு மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் புறப்பட்டிருந்தால், வேகமாகப் போனது தூரத்திலும் மெதுவாகப் போனது அருகிலும் இருக்கும். ஆகவே நம்மை நோக்கியும் நம்மை விட்டு விலகியும் வாயு ஓடும் வேகத்தை அளந்தால், அதுவே ஆழத்தின் அளவாகிவிடும். சூரியனைப் போன்ற விண்மீன்களின் மரணம் பற்றிய நம் புரிதல், கடந்த நூறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. பெரும்பாலான திருப்பங்களில், படம் மறைத்ததை வேகம்தான் சொல்லியிருக்கிறது. அந்த வேகங்கள் இன்று ஒருமித்துச் சொல்வது, இந்த விண்மீன்களில் மிகப் பல தனியாகச் சாகவில்லை என்பதைத்தான் என்று கருதுகிறேன்.

வேகத்தை அளப்பதற்கான கருவி 1864 ஆகஸ்ட் 29 அன்று கிடைத்தது, அப்போது அது வேகத்துக்கான கருவி என்று யாருக்கும் தெரியாது என்றாலும். இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ் அன்றிரவு பூனைக்கண் நெபுலாவை நிறமாலைமானி வழியாகப் பார்த்தார். விண்மீன்களில் தெரியும் தொடர்ச்சியான வண்ணப் பட்டைக்குப் பதிலாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தது, பிறகு அருகில் இன்னும் மங்கலான இரண்டு. நெபுலா என்பது நெருங்கிக் கிடக்கும் விண்மீன்களின் கூட்டமல்ல, ஒளிரும் வாயு என்பது அந்தக் கோட்டால் முடிவாயிற்று. பூமியில் கண்ட எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்ற புதிய தனிமத்தையே கற்பனை செய்தார்கள். 1927இல் அய்ரா போவன் அதை அவிழ்த்தார்: இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், பூமியின் ஆய்வகங்களில் வாய்க்காத அளவு அடர்த்தி குறைந்த வெளியில் மட்டுமே உமிழக்கூடிய ஒளி அது. இந்தக் கண்டுபிடிப்பின் ஒரு பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. நெபுலாவில் ஹைட்ரஜன்தான் மிகுதி. ஆனால் வேகத்தை அளக்க அது நல்ல சாட்சி அல்ல. 10,000 டிகிரி வெப்பத்தில் அந்த லேசான அணுக்கள் தாமாகவே தறிகெட்டு ஓடுவதால், அவற்றின் நிறமாலைக் கோடு வினாடிக்கு 20 கி.மீ. அளவுக்கு அகன்று கலங்கிவிடுகிறது. நெபுலா விரியும் வேகமும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால், அளக்க வேண்டியது அந்தக் கலக்கத்தில் மறைந்துபோகும். ஆக்சிஜன் பதினாறு மடங்கு கனமானது, அதன் அகலம் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பச்சைக் கோடு இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான், 5,007 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஓர் ஆங்ஸ்ட்ராமின் மூன்றில் ஒரு பங்கு நகர்வைக்கூடப் பிடிக்க முடிகிறது. ஒளிரும் வாயு நெருங்கினாலோ விலகினாலோ அதன் கோடு இடம்பெயரும், இதுவே டாப்ளர் நகர்வு; மேற்சொன்ன அளவு நகர்வுதான் வினாடிக்கு 20 கி.மீ. வேகம்.

1910களில் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் காம்பெல், மூர் இருவரும் ஏராளமான நெபுலாக்களை இப்படி அளந்தார்கள். சிலவற்றில் கோடு சாய்ந்திருந்தது, சிலவற்றில் நடுவே இரண்டாகப் பிரிந்து வில்போல வளைந்து ஓரங்களில் மீண்டும் ஒன்று சேர்ந்தது. நெபுலா சுழல்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அது முட்டாள்தனமான எண்ணம் அல்ல. கோள்களும் விண்மீன்களும் சுழல்கின்றன, கோடு சாய்வது சுழற்சிக்கு இயல்பான அடையாளமும்கூட. ஆனால் பிரிவு சொல்வது வேறு. சுழலும் பொருளில் வேக வேறுபாடு ஓரங்களில்தான் அதிகம், நடுவில் சுழியம். இங்கோ நடுவில்தான் பிளவு அதிகம், ஓரத்தில் இல்லை. நடுவில் பார்க்கும்போது ஓட்டின் முன்சுவர் நம்மை நோக்கி வருகிறது, பின்சுவர் விலகிப் போகிறது. ஓரத்திலோ வாயு நம் பார்வைக்குக் குறுக்காக நகர்வதால் டாப்ளர் நகர்வே இல்லை. விரிவடையும் ஓடு ஒன்றை மட்டுமே இது குறிக்க முடியும். டச்சு வானியலர் சான்ஸ்ட்ரா 1930களின் தொடக்கத்தில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். பழக்கமான விளக்கத்தைத் தேடி மனம் ஓடியபோது, எதிர்ச்சாட்சி அதே ஒளிப்படத் தகட்டில்தான் இருந்தது என்பதை இந்தத் துறையின் வரலாற்றில் மிக முக்கியமான செய்தியாக நினைக்கிறேன்.

விரிவு என்று ஒப்புக்கொண்டவுடன் விண்மீனின் கதையும் மாறியது. 1956இல் சோவியத் வானியலர் ஷ்க்லோவ்ஸ்கி, கிரக நெபுலா என்பது முதுமையில் பருத்த செம்பெருமீன், சிறிய அடர்ந்த வெண்குள்ளனாகச் சுருங்கும் இடைக்கட்டம் என்றார். பத்தாண்டுகள் கழித்து ஏபெல், கோல்ட்ரைக் இருவரும் அதற்கு வேகத்தையே ஆதாரமாக்கினர். வினாடிக்கு 20 கி.மீ. என்பது பருத்து ஊதிய செம்பெருமீனின் மேற்பரப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகத்தை ஒத்தது. சிறிய, அடர்ந்த விண்மீன் எதிலிருந்தும் வாயு இவ்வளவு மெதுவாகக் கிளம்பியிருக்க முடியாது. 1978இல் சன் க்வோக்கும் அவருடைய சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள். செம்பெருமீன் முதலில் அடர்ந்த, மெதுவான காற்றை வெளிவிடுகிறது. பிறகு வெளிப்படும் சூடான உள்ளகம் மெல்லிய, மிக வேகமான காற்றை வீசுகிறது. பின்னது முன்னதைத் துரத்திப் பிடித்து, பனியை வாரித் தள்ளும் பலகைபோல ஒன்றுசேர்க்கும்போது நெபுலா தெரிகிறது. அதே ஆண்டு விண்ணில் ஏறிய ஐ.யு.இ. புறஊதாச் செயற்கைக்கோள், எந்த ஒளிப்படத்திலும் தெரியாத அந்த வேகக் காற்றை வினாடிக்கு ஆயிரம் முதல் சில ஆயிரம் கி.மீ. வரை அளந்து காட்டியது. கோட்பாடு கேட்டதைக் கருவி உடனே தந்த அபூர்வத் தருணம் அது. பிற்பாடு சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி, பூனைக்கண்ணின் உள்ளே அந்தக் காற்று உண்டாக்கிய சூடான குமிழையும் கண்டது. அதன் வெப்பம் மட்டும் எதிர்பார்த்த கோடிக்கணக்கான டிகிரிக்குப் பதில் சுமார் 17 லட்சமாக இருந்தது. குளிர்ந்த ஓட்டின் வாயு உள்ளே கலந்து ஆற்றிவிடுகிறது என்பது இப்போதைய விளக்கம்.

இந்தச் சித்திரம் அழகானது. வட்டமும் நீள்வட்டமுமான நெபுலாக்களுக்கு இன்றும் போதுமானது. அதில் முதல் விரிசலை உண்டாக்கியவை சின்னச் சின்ன முடிச்சுகள். சனி நெபுலா எனப்படும் என்.ஜி.சி. 7009இன் இரு முனைகளிலும் கைப்பிடிபோல நீண்டிருக்கும் பகுதிகள், அதன் உடலைவிடப் பல மடங்கு வேகத்தில், வினாடிக்கு நூறு கி.மீ.யைத் தாண்டி ஓடுகின்றன. புரூஸ் பாலிக் 1990களில் இப்படிப்பட்ட வேகமான, அயனியாக்கம் குறைந்த முடிச்சுகளைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார். மணல்கடிகார நெபுலாவின் புகழ்பெற்ற ஹப்பிள் படம் 1996இல் வெளிவந்தது. இரண்டு கிண்ணங்கள் வாயோடு வாய் விலகி அடியோடு அடி ஒட்டி நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்து உலகமே வியந்தது. அடுத்த ஆண்டே நிறமாலை வேறு சேதி கொண்டுவந்தது: கிண்ணங்களுக்கு வெளியே, படத்தில் கண்ணுக்கே படாத முடிச்சுகள் வினாடிக்கு 500 கி.மீ. வேகத்தில் எதிரெதிராகப் பறந்துகொண்டிருக்கின்றன. 1998இல் சகாய், ட்ராகர் இருவரும் மிக இளம் நெபுலாக்களை வரிசையாகப் படமெடுத்தபோது ஒன்றுகூட வட்டமாக இல்லை. பல, மையத்தின் இருபுறமும் புள்ளிக்குப் புள்ளி எதிரொத்திருந்தன. எனவே அவர்கள், காற்றுகள் மோதுவதற்கு முன்பே, செம்பெருமீன் பருவத்தின் இறுதியிலேயே, திசை மாறும் ஒடுங்கிய தாரைகள் வாயுவைக் குடைந்துவிடுகின்றன என்றார்கள். சூடான காற்று பிறகு வந்து ஊதுவது ஏற்கெனவே துளையிடப்பட்ட பாத்திரத்தைத்தான்.

துளையிட்டது யார் என்ற கேள்விக்குப் படம் எதுவும் பதில் சொல்லாது. பதிலின் முதல் பாதி 2001இல் ஸ்பெயினிலிருந்து, கார்பன் மோனாக்சைடின் ரேடியோக் கோடுகளை வைத்து வந்தது. புஹார்ரபாலும் குழுவினரும், இன்னும் நெபுலாவாக ஒளிரத் தொடங்காத முன்னிலைப் பொருள்கள் முப்பத்திரண்டை நல்ல தரவோடு ஆராய்ந்தார்கள். இருபத்தெட்டில் மெதுவான உறையோடு கூடவே வேகமான வெளிப்பாய்ச்சலும் இருந்தது. மெதுவான உறையின் உந்தத்தைக் கூட்டிப் பார்த்தால், விண்மீனின் ஒளி தூசியைத் தள்ளுவதால் கிடைக்கக்கூடிய உச்ச அளவோடு அது சரியாகப் பொருந்தியது. வேகமான பாய்ச்சலோ ஐந்தில் நான்கு பொருள்களில் ஒளியால் தரமுடியாத உந்தத்தைச் சுமந்தது. சிலவற்றில் ஆயிரம் மடங்கு அதிகம். இதை வாசகரே போட்டுப் பார்க்கலாம். சூரியனைப்போல் 5,000 மடங்கு ஒளிரும் விண்மீனின் ஒளி முழுவதும் ஒரே திசையில் தள்ளினாலும், சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு வாயுவை வினாடிக்கு 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் ஆகும். இந்தப் பாய்ச்சல்களுக்குக் கிடைக்கும் காலமோ சில நூறு ஆண்டுகள். டபிள்யூ43ஏ என்ற பொருளின் தாரை, ஆல்மா தொலைநோக்கியின் அளவீட்டின்படி, பிறந்தே சுமார் அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கும் வயது.

இங்கே இரண்டு தடைகளை எழுப்பலாம். ஒளித்துகள் ஒருமுறை தள்ளிவிட்டு ஓய்வதில்லை, அடர்ந்த தூசிக்குள் பலமுறை சிதறிப் பலமுறை தள்ளும் என்பது ஒன்று. உண்மைதான், அதனால் சில மடங்கு கூடும். ஆனால் பாய்ச்சல் இருமுனையாகத் திறந்துவிட்ட பின் ஒளி அந்த வாசல் வழியாகவே தப்பி ஓடிவிடும், ஆயிரம் மடங்குக்கு அங்கே இடமில்லை. மற்றது இதைவிடக் கூர்மையானது. வேகக் காற்று உண்டாக்கும் சூடான குமிழ், பலூனில் அடைபட்ட காற்றுபோல எல்லாப் பக்கமும் அழுத்தி, காற்றுக்கு இருந்ததைவிட அதிக உந்தத்தை வாயுவுக்குத் தரும். இதுவும் சரியான இயற்பியல். ஆனால் அந்தக் காற்று வீச விண்மீன் மிகச் சூடாகியிருக்க வேண்டும். புஹார்ரபால் பட்டியலில் உள்ள முன்னிலைப் பொருள்களின் மையமீன்கள் இன்னும் அந்த வெப்பத்தை எட்டவில்லை. குமிழ் பிறக்குமுன்பே பாய்ச்சல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒளி போதாதென்றால் மிச்சமிருப்பது ஈர்ப்பு. ஒரு துணைமீன் அருகில் சுற்றினால், செம்பெருமீன் சிந்தும் வாயுவில் ஒரு பகுதி அதன்மேல் விழும். நேராக விழாமல் சுழன்று தட்டாகச் சேரும், தட்டின் அச்சுவழியே தாரை பீறிடும். இந்த வழியில் பிறக்கும் தாரையின் வேகம் எதன்மேல் வாயு விழுகிறதோ அதன் விடுபடு வேகத்தை ஒத்திருக்கும் என்பது பிறக்கும் விண்மீன்களிலும் நாம் காணும் நியதி. சூரியனின் விடுபடு வேகம் வினாடிக்கு 618 கி.மீ. மணல்கடிகாரத்தின் முடிச்சுகள் 500. செம்பெருமீனிலிருந்து புறப்பட்டிருந்தால் சில பத்துகள்தான் இருக்க வேண்டும், வெண்குள்ளனிலிருந்து என்றால் சில ஆயிரங்கள். இந்த இடைப்பட்ட எண், சாதாரண விண்மீன் ஒன்று அங்கே இருந்து வாயுவை விழுங்கியது என்று சொல்வதாக எனக்குப் படுகிறது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் பெரிய தொலைநோக்கி அந்த நெபுலாவின் மையத்தில் 18 நாளுக்கு ஒருமுறை சுற்றும் இணையைக் கண்டது. வேகம் முன்னே சென்றது. துணைமீன் இருபத்தொரு ஆண்டு பின்னே வந்து சேர்ந்தது.

ஃபிளெமிங் 1 நெபுலாவில் கதை இன்னும் விரிவாகத் தெரிகிறது. வில்லியமினா ஃபிளெமிங் நூறாண்டுக்கு முன் கண்டறிந்த அதில், முடிச்சுகள் எஸ் வடிவில் வளைந்து செல்கின்றன; பீச்சும் முனை தள்ளாடியபடி திசைமாறியதன் தடம் அது. 2012இல் பொஃபின் குழுவினர் அதன் மையத்தில் 1.2 நாளில் சுற்றும் இணையைக் கண்டார்கள். முடிச்சுகளின் தூரத்தை வேகத்தால் வகுத்து வயது பார்த்தால், தாரைகள் உள்நெபுலாவைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தவை. ஏபெல் 63 நெபுலாவிலும் அப்படியே. செம்பெருமீனின் காற்றைத் துணைமீன் பல்லாயிரம் ஆண்டு அருந்திக்கொண்டிருந்தது, பிறகு அதன் உறைக்குள்ளேயே மூழ்கிச் சுருண்டு நெருங்கியது, உறை வெடித்துச் சிதறி நெபுலாவாயிற்று. தாரை முன்னுரை, நெபுலா முடிவுரை. காலவரிசையை வேகத்தைத் தவிர வேறெதனாலும் நிறுவ முடிந்திருக்காது. இதே வரிசைதான் எங்கும் என்று நான் வாதிடவில்லை: என்.ஜி.சி. 6778இல் தாரை நெபுலாவைவிட இளையது, அங்கே உறை சிதறிய பின்னரும் ஏதோ விழுந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

துணைமீன் தேவையில்லை, தனி விண்மீனின் காந்தப்புலமே வாயுவை இறுக்கித் தாரையாக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. காந்தப்புலம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டபிள்யூ43ஏயின் தாரையில் அது அளக்கப்பட்டே இருக்கிறது. கேள்வி, அந்தப் புலத்தைப் பேணும் சுழற்சி எங்கிருந்து வருகிறது என்பது. சூரியன் 25 நாளில் ஒருமுறை சுழல்கிறது. அது 200 மடங்கு பருத்தால், கணக்கை எளிமையாக்கிச் சொன்னால், சுழற்சி 40,000 மடங்கு தளர்ந்து ஒரு சுற்றுக்கு இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டு ஆகிவிடும். காற்றோடு வெளியேறும் கோண உந்தத்தைக் கழித்தால் இன்னும் மோசம். இப்படி நின்றுபோன பொருளில் வலிய காந்தப்புலம் நீடிக்காது. ஏதாவது அதை மீண்டும் சுழற்ற வேண்டும், அந்த ஏதாவது மறுபடியும் துணைமீன்தான், அல்லது விழுங்கப்பட்ட பெருங்கோள்.

எண்ணிக்கைபற்றிய தடைதான் எனக்கு உண்மையில் கனமானதாகப் படுகிறது. வான ஆய்வுகள் ஐந்தில் ஒரு கிரக நெபுலாவில்தான் நெருங்கிய இணையைக் கண்டுள்ளன. வட்டமல்லாதவையோ ஐந்தில் நான்கு. இடைவெளி பெரியது. ஆனால் அந்த ஆய்வுகள் இணையை எப்படித் தேடின என்று பார்க்க வேண்டும். ஒரு விண்மீனை மற்றது மறைப்பதாலும், சூடான மீன் தன் துணையின் முகத்தை ஒளியூட்டுவதாலும் உண்டாகும் வெளிச்ச ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான். சில நாளில் சுற்றும் இணைகள் மட்டுமே இந்த வலையில் சிக்கும். ஆண்டுக்கணக்கில் சுற்றுபவை நழுவிவிடும். எனவே ஐந்தில் ஒன்று என்பது கீழெல்லை. இது நிரூபணம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரூபணத்துக்கு அருகில் வருவது வேறொன்று: நெபுலாவின் முப்பரிமாண வடிவம் வேகங்களிலிருந்து மீட்கப்பட்டு, உள்ளே இருக்கும் இணையின் சுற்றுத்தளமும் தனியாகத் தெரிந்த எட்டு நெபுலாக்களை 2016இல் ஒப்பிட்டபோது, எட்டிலும் நெபுலாவின் அச்சு சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தாகவே இருந்தது. இணை அங்கே தற்செயலாகக் குடியிருந்தால் எட்டும் இப்படி ஒத்துப்போகாது.

வேகத்தை ஆழமாகப் படிக்கும் முறைக்கும் வரம்பு உண்டு. வாயு புறப்பட்டபின் வழியில் யாரும் அதைத் தள்ளவில்லை என்று கொண்டால்தான் கணக்கு சரியாக வரும். வண்ணத்துப்பூச்சி நெபுலாவான என்.ஜி.சி. 6302இன் மடல்களில் தூரத்துக்கு நேர்விகிதத்தில் வேகம் கூடிக்கொண்டே போய் 600 கி.மீ.யைத் தொடுகிறது, எல்லாம் சுமார் 2,200 ஆண்டுக்கு முன் ஒரே குறுகிய நிகழ்வில் கிளம்பின என்று அதிலிருந்து முடிவு செய்கிறோம். அங்கே இணை இன்னும் அகப்படவில்லை. வயதைப் பொறுத்தவரை, ஹப்பிள் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, வானத்தின் குறுக்கே மடல்கள் நகர்ந்ததை அளந்தபோதும் அதே வயதுதான் கிடைத்தது. ஒன்றையொன்று சாராத இரு வழிகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் நம்பிக்கை கொள்ள உரிமை உண்டு. தனி விண்மீன் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இல்லாமல் இல்லை. ஏபெல் 39 ஏறக்குறைய முழுமையான கோளம், தாரையோ முடிச்சோ இன்றி அமைதியாக மங்குகிறது. இப்படிப்பட்டவை சிறுபான்மை என்பதே, துணையற்ற முடிவு எவ்வளவு அரிது என்பதற்கான அளவு.

1790 நவம்பர் 13 இரவு வில்லியம் ஹெர்ஷல், பின்னாளில் என்.ஜி.சி. 1514 என்று எண்ணிடப்பட்ட பொருளைக் கண்டார். மங்கிய ஒளிவட்டம், அதன் நட்ட நடுவில் ஒரு பிரகாசமான விண்மீன். எல்லா நெபுலாக்களும் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களே என்ற தம் பழைய நம்பிக்கையை அவர் அந்த ஒரே பொருளால் கைவிட்டார். அந்த விண்மீனும் சுற்றியுள்ள ஒளிரும் பாய்மமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று முடிவு செய்தார். 2010இல் வைஸ் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் அதே நெபுலாவைச் சுற்றி, கண்ணொளியில் தெரியாத இரட்டை வளையங்கள் வெளிப்பட்டன. 2017இல், அந்த விண்மீனின் வேகத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த டேவிட் ஜோன்ஸும் சகாக்களும், அது இன்னொன்றோடு சேர்ந்து சுமார் 3,300 நாளுக்கு ஒருமுறை, ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று உறுதிப்படுத்தினார்கள். நெபுலாவை உதறிய சூடான உள்ளகம் தன் ஒளியின் பெரும்பகுதியைப் புறஊதாவில் வீசுவதால் கண்ணுக்கு அங்கே கிட்டத்தட்ட இல்லாததுதான். ஹெர்ஷல் கண்ட பிரகாசமான மீன் அதன் துணை.